பிரம்படியும் கரையும்

நம்பி ஒப்படைத்த வேலையைக் கெடுத்துவிட்டவனிடம் ஒரு மனிதன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற வினா, மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது வெறும் உலக விவகாரமாகவே தோன்றும். பணம் கொடுத்தவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், நடுவே ஒரு வக்கீல் என்ற அளவில் அது முடிந்துவிடும் என்றும் நாம் எண்ணுவோம். ஆனால் வீட்டைப் பாதியில் போட்டுவிட்டுப் போன காண்டிராக்டரை நினைத்து இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டவர்களைக் கேட்டால், போன பணத்தைக் காட்டிலும் வேறொன்று தங்களை அதிகமாக வருத்தியதைச் சொல்வார்கள்: பொறுத்துக்கொண்டால் கோழையாகிவிடுகிறோமோ, பொறுக்காவிட்டால் பாவியாகிவிடுகிறோமோ என்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்துகின்ற தர்மசங்கடம் அது. அதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குப் பொன்னேரி மிகவும் உரிய ஊர். ஆரணியாற்றின் கரையில், அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரை உற்சவத்தில் வீதியிலே எதிர்ப்பட்டு ஒருவருக்கொருவர் காட்சி கொடுக்கும் அந்தப் பழைய ஊரைச் சுற்றி, ஒரு புறம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், மறுபுறம் மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்து, அங்கெல்லாம் மாதச் சம்பளம் வாங்குவோர் பலர், நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் ஒரு மனை வாங்கி, வங்கிக் கடன் எடுத்து, வீடு கட்டத் தொடங்குகிறார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் பெரும்பாலும் கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவு என்ற வாய்ப்பேச்சு. லேபர் காண்டிராக்டா, மெட்டீரியலும் சேர்த்தா என்ற ஒரு தெளிவு. பூமி பூஜையன்று வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் அட்வான்ஸ். கடைக்கால் முடிந்து பேஸ்மட்டம் வந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒரு தவணை, ரூஃப் போட்டால் ஒரு தவணை. ரூஃப் பணம் கைமாறிய மறு வாரம் கொத்தனார்களும் சித்தாள்களும் வேறொரு சைட்டுக்கு மாற்றப்படுகிறார்கள். சாரக்கட்டை நிற்கிறது, மணல் குவியலில் புல் முளைக்கிறது, காண்டிராக்டரின் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மாதம் பிறந்ததும் வீட்டு வாடகையும் வங்கித் தவணையும் ஒருங்கே வந்து வாசலில் நிற்கின்றன.

நின்றுபோன வேலையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத குறை அதைவிடக் கொடிது. பழவேற்காட்டு உப்பங்கழியும் கடலும் அண்மையில் இருப்பதாலும், மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததாலும், கடல்நீர் உட்புகுந்து அங்கே கிணறுகள் உவர்த்துப்போனதை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டில் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்றும், போட்ட கான்கிரீட்டைச் சாதாரண சிமென்டானால் 7 நாளுக்கும், சாம்பல் முதலியன கலந்த சிமென்டானால் 10 நாளுக்கும் குறையாமல் ஈரம் காயாது வைத்திருக்க வேண்டும் என்றும் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கூறுகிறது. லாரித் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடிப்பதற்காகப் பக்கத்து போர்வெல்லின் உவர்நீரையே கலந்து, இரண்டு நாள் தண்ணீர் தெளித்ததோடு விட்டுவிட்டால், அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மேலே பூச்சு வந்துவிடும், பெயிண்ட் வந்துவிடும், கிரகப்பிரவேசத்து மாவிலையும் வந்துவிடும். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, சில வருஷங்கள் சென்றபின் தொட்டில் தொங்கும் அறையின் மேற்கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும்போதுதான் அன்று செய்த காரியம் வெளிப்படும். வினை விதைத்த நாளுக்கும் அது முளைக்கும் நாளுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நம் முன்னோர் சொன்னதெல்லாம், வேறு எதற்கும் பொருந்துவதைக் காட்டிலும் கட்டட வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இப்படி வஞ்சிக்கப்பட்டவனுக்கு ஊரார் சொல்லும் புத்திமதி இரண்டு விதம். ‘விட்டுத் தள்ளுங்கள் சார், அவன் செய்த பாவம் அவனைச் சும்மா விடாது’ என்று ஒரு சாரார். ‘நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள், தானாகப் பணம் வரும்’ என்று மற்றொரு சாரார். முதலாவது சமயத்தின் குரலைப் போலவும் இரண்டாவது உலகத்தின் குரலைப் போலவும் ஒலிக்கின்றன. இரண்டுமே தர்மத்துக்குப் புறம்பானவை என்பது என் துணிபு. கர்மபலன் அவனைத் தண்டிக்கும் என்று கூறிக் கையைக் கட்டிக்கொள்பவர், தாம் செய்யாமல் விட்டதும் ஒரு கர்மமே என்பதை மறந்துவிடுகிறார். வாசலில் ஆள் திரட்டுபவரோ, நியாயத்தைத் தேடிப் புறப்பட்டு அநியாயத்தோடு திரும்பி வருகிறார். திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார், வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். ஆளைத் தெரிந்து தெளிவதையும், தெரிந்து வினையில் அமர்த்துவதையும் பொருட்பாலில், அரசனுக்குரிய கடமைகளோடு சேர்த்து வைத்தார். வீடு கட்டுகிற ஒரு சாமானியன், கட்டுகிற அந்த ஓர் ஆண்டு மட்டுமாவது, இல்லறத்தானாகவும் ஒரு சிறு அரசனாகவும் இருக்க வேண்டியவனாகிறான். பொறுமையின் அதிகாரத்தைப் படித்துவிட்டு ஆராய்ச்சியின் அதிகாரத்தை மூடிவைக்க அவனுக்கு அனுமதி இல்லை.

வேலை செய்யாத வேலைக்காரனைப் பற்றிய மிகப் பெரிய கதை நம் சைவ இலக்கியத்திலேயே இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் படித்தவர்களுக்கு மண் சுமந்த படலம் நினைவிருக்கும். வையை பெருகிக் கரை உடைந்தபோது, பாண்டியன் கரையை வீட்டுக்கு ஒரு பங்காக அளந்து கொடுத்து அடைக்கச் சொல்கிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற மூதாட்டிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு ஒரு கூலியாள் வருகிறான். வேலைக்கு முன்பே பிட்டைத் தின்கிறான். மண்ணை வெட்டுவதாகப் பாவனை செய்கிறான். ஆடுகிறான், பாடுகிறான், மரத்தடியில் படுத்து உறங்குகிறான். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் அண்டைப் பங்குகளையும் கரைத்துக்கொண்டிருக்கிறது. கண்காணிகள் முறையிட, அரசன் வந்து பிரம்பால் அவன் முதுகில் ஓங்கி அடிக்க, அந்த அடி அடித்த பாண்டியன்மேலும் அவன் தேவிமேலும் அமைச்சர்மேலும் அண்டத்து உயிர்கள் எல்லாவற்றின்மேலும் ஒருங்கே படுகிறது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு மறைகிறான். உடைப்பு அடைபட்டு விடுகிறது.

இக்கதையைச் சொல்லும்போது வந்தியின் பக்தியையும் மாணிக்கவாசகருக்கு இறைவன் இரங்கிய கருணையையுமே நாம் பெரும்பாலும் சொல்கிறோம்; அது முறையே. ஆனால் வேலையைக் கெடுத்தவனை என்ன செய்வது என்ற நம் கேள்வியோடு அந்தப் படலத்துக்குள் செல்பவனுக்கு அங்கே இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன. ஒன்று, கோபத்தோடு விழுகிற அடி, விழ வேண்டிய முதுகில் மட்டும் நிற்பதில்லை. கட்டட வேலையில் இது கண்கூடு: வீட்டுக்காரர் காண்டிராக்டரை நடுவீதியில் ஏசினால், அவர் மேஸ்திரியை ஏசுவார், மேஸ்திரி கொத்தனாரின் கூலியில் பிடிப்பார், கொத்தனார் கலவை சுமக்கும் சித்தாளிடம் சீறுவார், குற்றத்தில் ஒரு பங்கும் இல்லாத அந்தப் பெண்ணின் முதுகில் கடைசி அடி விழும். இரண்டாவது செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: அந்தக் கதை கரை அடைபடாமல் முடியவில்லை. அடி தவறென்று காட்டிய இறைவன், ஆகவே உடைப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுப் போகவில்லை. ஆற்றங்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றிரவு நனையாமல் உறங்க வேண்டியிருந்தது. அதற்கான மண் ஒரு கூடையாயினும் விழுந்தே தீர வேண்டியிருந்தது.

அடி தவறான முதுகில் விழும் என்பதைச் சட்டங்களே அறியாமல் இருந்த காலமும் உண்டு. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், கட்டியவன் உறுதியாகக் கட்டாமல் வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்றும், வீட்டுக்காரனின் மகன் இறந்தால் கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பையன் ஒரு கல்லையும் எடுத்து வைத்தவனல்லன். ஆனால் அதே சட்டத் தொகுதியில், சுவர் உறுதியின்றிச் சரியத் தொடங்கினால் கட்டியவன் தன் சொந்த வெள்ளியைச் செலவிட்டு அதைப் பலப்படுத்தித் தர வேண்டும் என்ற ஒரு விதியும் இருக்கிறது. மகனைக் கொல்லும் விதி மண்ணோடு மண்ணாகிவிட்டது. சுவரைச் சரிசெய்யும் விதி சாகவில்லை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் சட்டமும், கட்டி விற்பவர், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரியவந்தால், சொல்லிய 30 நாளுக்குள் மேற்கொண்டு காசு வாங்காமல் அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்றே விதித்திருக்கிறது. பழிவாங்கும் எண்ணம் கழிந்தபின் நியாயத்தில் மிஞ்சுவது பழுது பார்த்தல்தான் போலும்.

இனி, மன்னிப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஒருவன் தனக்குச் சொந்தமானதை மட்டுமே பிறருக்குக் கொடுக்க முடியும். மன்னிப்பும் ஒரு கொடையாதலால் அதற்கும் இந்த வரம்பு உண்டு. வேலை மூன்று மாதம் தாமதமாயிற்று, கைக்காசு இருபதாயிரம் வீணாயிற்று, கிரகப்பிரவேச முகூர்த்தம் தவறி உறவினர் முன் தலைகுனிவு ஏற்பட்டது என்றால், இவை வீட்டுக்காரனுடைய நஷ்டங்கள். அவன் விரும்பினால் மன்னிக்கலாம், மன்னித்தால் அது பெருந்தன்மை. ஆனால் கான்கிரீட்டில் கலந்த உப்பையும், கம்பியில் குறைத்த எடையையும் மன்னிக்க அவன் யார்? அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகிறவள் அவன் மனைவி. பின்னொரு நாள் வாடகைக்கு வருகிறவன் முகம் தெரியாத ஒருவன். சுற்றுச்சுவருக்கு வெளியே நடந்து போகிறவர்கள் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள்.

செங்குன்றத்தை அடுத்த உப்பரபாளையத்தில் 2014 ஜூலை 6-ஆம் தேதி ஒரு கிடங்கின் உயர்ந்த சுற்றுச்சுவர் சாய்ந்து 11 பேர் மாண்டார்கள். சுவரை ஒட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த தொழிலாளர்கள்மேல் அது விழுந்தது. அதற்கு எட்டு நாள் முன்புதான், ஜூன் 28-ஆம் தேதி, சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் மழை நாளில் அப்படியே அமிழ்ந்து 61 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் இணைக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மாண்டவர்களில் யாரும் அந்தக் கட்டடத்தின் எஜமானர்கள் அல்லர். இவற்றை நினைக்கும்போது, ‘போகட்டும் விடுங்கள்’ என்ற சொல்லின் பாரம் எவ்வளவென்று தெரிகிறது. பிறருடைய உயிருக்கு ஈடாக நிற்கும் ஒரு கடனை நான் என் நல்ல குணத்தைக் காட்டுவதற்காகத் தள்ளுபடி செய்தால், அதற்குப் பொறுமை என்று பெயரிடுவது எவ்வாறு தகும்?

இங்கே பூர்வ மீமாம்ஸை சாஸ்திரத்தில் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு விசாரணை உண்டு. யாகத்தை உண்மையில் நடத்துகிறவர்கள் தக்ஷிணைக்கு அமர்த்தப்பட்ட ரித்விக்குகள். மந்திரம் சொல்கிறவர் ஒருவர், ஆகுதி செய்கிறவர் வேறொருவர். ஆயினும் யாகத்தின் பலன் யாருக்கு? அமர்த்திய யஜமானனுக்கே என்று ஜைமினி முடிவு செய்கிறார். கூலி கொடுத்து வாங்கிய கை தன் கையாகிவிடுகிறது என்பது இதன் கருத்து. அப்படியானால் அந்தக் கை கட்டிய சுவரும் என் சுவரே. அதன் பலன் எனக்கு வருவது போல அதன் பழுதைப் பற்றிய பொறுப்பும் என்னை விட்டு விலகாது. யாகசாலையில் இதற்காகவே பிரம்மா என்ற ஒரு ரித்விக் இருக்கிறார். மௌனமாக அமர்ந்து எல்லாவற்றையும் கவனித்து, எங்கேனும் பிழை நேர்ந்தால் பிராயச்சித்தத்தால் அதைச் சரிசெய்வது அவர் கடமை. தெய்வத்தின் பெயரால், வேதம் கற்றவர்களைக் கொண்டு செய்யும் காரியத்துக்கே ஒரு கண்காணி வேண்டியிருக்க, ரூஃப் போடும் நாளில் கம்பியின் இடைவெளியை அளந்து பார்க்க ஒரு பொறியாளரை அழைப்பது காண்டிராக்டரை அவமதிப்பதாகும் என்று கூசுவது எத்தனை பேதைமை! ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் என்று குறள் எச்சரிப்பதை, முதலில் நம்பிப் பிறகு சந்தேகப்பட்டு இரண்டு துன்பத்தையும் ஒன்றாக அனுபவிக்கும் வீட்டுக்காரர்களைக் காணும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் சரித்திரத்தைச் சிலர் இந்த இடத்தில் ஆறுதலாகச் சொல்வார்கள். கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, தச்சரையும் தேடி, நாள் பார்த்துக் கடைக்கால் இட்டு, சிகரமும் மதிலும் குளமும் கிணறும் அமைத்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார் அவர். அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்த காடவர் கோமானாகிய பல்லவனின் கனவில் இறைவன் தோன்றி, நாம் நாளை அங்கே செல்கிறோம், நீ வேறொரு நாள் வைத்துக்கொள் என்று சொன்னதாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். ஆகவே மனக்கோயிலே பெரிது, வெளியே நிற்கிற செங்கல்லுக்காக ஏன் மனம் வருந்துகிறாய் என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை. வீடு கட்டுகிறவனும் பல வருஷங்களாக அதை மனத்தில் கட்டிக்கொண்டிருந்தவனே. ஆகையால்தான் நின்றுபோன சுவரைப் பார்க்கும்போது, செங்கல்லின் விலைக்குச் சற்றும் பொருந்தாத அளவு அவன் நெஞ்சு கொதிக்கிறது. அந்த உள்வீட்டை எந்தக் காண்டிராக்டராலும் கெடுக்க முடியாது, அதைக் கெடுக்கும் வல்லமை தன் கோபத்துக்கு மட்டுமே உண்டு என்பதை அவன் உணர்வானாகில் அவனுடைய துயரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆனால் மற்றப் பாதியை அவர்கள் மறக்கிறார்கள். இறைவன் பல்லவனுடைய கற்கோயிலைக் கைவிடச் சொல்லவில்லை. நாளை மாற்றத்தான் சொன்னார். வெளிக்கோயிலும் வேண்டும், அது தன் நேரத்தில் முறையாக எழவும் வேண்டும்.

ஆகவே சினத்தை விட்டபின் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. முதலில், எதனால் வேலை கெட்டது என்று ஆராய வேண்டும். கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம், சொன்னபடி செய்யாமல் வேறுவிதமாகச் செய்த கைவினைஞனுக்குக் கூலி இல்லை என்றும், அக்கூலியைப் போல் இரு மடங்கு அபராதம் என்றும் மிகக் கடுமையாகப் பேசுகிறது. அந்த நூலே, நோயாலும் ஆபத்தாலும் செய்ய முடியாமற் போனவனுக்கு இடம் கொடுக்கிறது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஆட்களெல்லாம் சொந்த ஊருக்கு நடந்தே போய்விட, சைட்டில் தனியாக நின்ற காண்டிராக்டர்கள் எத்தனை பேர்! அப்படி நின்றவனையும், ரூஃப் பணத்தை வாங்கி வேறொரு வீட்டுக் கடைக்காலில் கொட்டுகிறவனையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி. அசக்தனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அசிரத்தையுள்ளவனிடம் அளந்து காட்டிக் கேட்க வேண்டும். வஞ்சகனிடம் பேச்சை நிறுத்திக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு முடிந்த வேலையையும் குறையையும் அளந்து எழுதி வாங்கி, கொடுத்த பணத்துக்கு ரசீதோ வங்கிக் கணக்கோ சேர்த்துவைத்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதன் பிறகும் பயனில்லையானால் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-ஆம் ஆண்டில், லக்னோ வளர்ச்சி ஆணையத்தைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்குத் தொடுப்பது பகையை வளர்ப்பது என்று அஞ்சுகிற சாதுக்களுக்கு நான் சொல்லுவேன்: நியாயாதிபதியின் முன் போவது, பிரம்பைத் தன் கையிலிருந்து கீழே வைப்பதேயாகும். தன் நஷ்டத்தைத் தானே எடை போட்டுத் தானே தண்டனை விதிக்கும் அதிகாரத்தை அவன் அங்கே விட்டுக்கொடுக்கிறான். அதைவிடப் பெரிய சினமடக்கம் இல்லறத்தானுக்கு எது?

ஒரு விஷயம் எஞ்சியிருக்கிறது. அதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுகிறேன். காண்டிராக்டர் ஓடிப்போகும்போது வீட்டுக்காரனின் பணத்தோடு மட்டும் ஓடுவதில்லை. அநேகமாக வேலையாட்களின் ஒரு வாரக் கூலியையும் கொண்டு ஓடுகிறான். சனிக்கிழமை மாலை கூலிக்காகக் காத்திருந்த கொத்தனாரும் சித்தாளும், ஒடிசாவிலிருந்தோ பீஹாரிலிருந்தோ வந்து கம்பி கட்டிய பையனும், வீட்டுக்காரரிடம் வந்து நிற்கிறார்கள். ‘நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் அவனைக் கேளுங்கள்’ என்று கதவைச் சாத்துவது எளிது. கணக்கிலும் அது பிழையன்று. ஆனால் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்கிறது விவிலியத்தின் உபாகமம். அவனுடைய வேர்வை உலருமுன் கொடுக்கச் சொன்னார் நபிகள் நாயகம். கூலி கொடாமை மனு தர்மத்தில் வழக்குக்குரிய பதினெட்டு விஷயங்களுள் ஒன்று. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேருக்குக் குறையாமல் ஆள் வைக்கும் இடங்களில் காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. சிறு வீடு கட்டுகிறவனை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் அதன் தர்மம் அவனைத் தொடாமல் விடுமா? 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி, பொன்னேரிக்குக் கிழக்கே கடலோரத்து வயலூரில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்பு அமைப்புச் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். காரணம் எதுவாயினும், அத்தனை தொலைவிலிருந்து வந்து இந்தக் கரையோரத்தில் நமக்காக உயரத்தில் ஏறி நிற்பவர்கள் யார் என்று நாம் ஒரு முறையேனும் நினைக்க வேண்டும்.

காண்டிராக்டரின்மேல் உள்ள கோபத்தை அவர்களுடைய கூலியில் காட்டாமல், ஆளுக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு பாக்கி என்று அவர்களையே கேட்டு எழுதி, இயன்றவரை கையிலிருந்து கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொள்வதே சரியான வழி. அந்தத் தொகையை வழக்கின் கேட்புக் கணக்கில் தனியாக ஒரு வரியாகச் சேர்த்து, ரசீதுகளோடு ஆணையத்தின் முன் வைக்கலாம். காண்டிராக்டர் மனம் மாறி, குறையைச் சரிசெய்து தருகிறேன் என்று இடையில் வந்தால், பொறியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தில் தேதி குறித்து, அவனையே செய்ய விடலாம். பெயர்த்த இடத்தைத் திரும்பப் போடும்போது நல்ல தண்ணீர் லாரிக்கு மட்டும் வீட்டுக்காரரே சொல்லி வைக்கட்டும்.